புற்றடியில் ஒரு கசிவு

நம்முடைய வேலையில் பயப்படுகிறவனுக்கு ஓர் இடம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் கரை வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் யாராவது ஒருவர், வீட்டுக்குப் போன பிறகும் மதகைச் சரியாக மூடினோமா என்று யோசித்துக்கொண்டே சோற்றை அளைகிறவராக இருந்தால், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தைரியசாலிகளும் படிக்கலாம், தப்பில்லை.

நான் அந்த ரகம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டைப் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். பூட்டியதை மனைவி பார்த்தாளா என்று அவளைக் கேட்பேன். அவள் பார்த்தது நிஜந்தானா என்று இன்னொரு சந்தேகம் வரும். திண்டுக்கல் டவுனில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அத்தாவின் பிள்ளை நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கரையைச் சுற்றிப் பார்க்கவும் மதகைத் திறந்து மூடவும் லஸ்கராக இந்த அணைக்கு வந்து, தலை நரைத்து ஓய்வு பெறும்வரை இதிலேயே கிடந்தேன். "ஒங்களுக்குச் சம்பளம் குடுக்குறதே கவலப்படுறதுக்குத்தான் போல" என்பாள் என் மனைவி. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான்.

கான்கிரீட் அணையில் வேலை பார்க்கிறவர்கள் நம்மைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். மண்ணைக் குவித்து வைத்துக்கொண்டு இம்புட்டு அலட்டலா என்று என் முகத்துக்கு நேராகவே ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கட்டும். மலையிலிருந்து இறங்கும் ஆற்றை வெறும் மண்ணால் மறித்து, அந்தத் தண்ணீரில் ஒரு டர்பைனையும் சுற்றவிட்டு, மிச்சத்தைக் கால்வாயில் அனுப்பி நெல்லும் பூவும் தென்னையும் வளர்க்கிறோம். நம் தாத்தா காலத்து ஆட்கள் கூடையில் சுமந்து கொட்டிய மண் அது. அதன் வயதுக்கு அதற்கு முட்டி வலிக்கும், மூச்சு வாங்கும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் நம் உத்தியோகம். இதை நான் யாரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை.

எல்லா மண் அணையும் கசியும். புதிதாக வந்தவர்கள் இதைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள், நானும் திடுக்கிட்டேன். அப்போது எங்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர், கரையின் அடிவாரத்து வடிகாலில் ஓடிய தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டினார். "தண்ணி வரட்டும் அப்பு. அது குடிச்ச தண்ணிய அது விடுது. தண்ணியோட மண்ணு வந்துச்சுன்னாத்தான் வவுறு கிழிஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார். எங்கள் தொழிலில் பாதி அந்த ஒரு பேச்சில் அடங்கிவிட்டது. மீதிப் பாதி, ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்பது. அதை மேஸ்திரி சொல்லித்தரவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் கரையின் வெளிச்சரிவில், அதாவது தண்ணீர் இல்லாத புல் பக்கத்தில், ஒரு கறையான் புற்று இருந்தது. ஆள் உயரம். கரையில் மரம் முளைக்கக் கூடாது, எலி வளை இருக்கக் கூடாது, புற்று இருக்கவே கூடாது. இது எங்களில் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. ஒரு சின்ன வேப்பங்கன்று தலைகாட்டினாலும் வேரோடு பிடுங்கி எறிகிற ஆட்கள்தான் நாங்கள். ஆனால் அந்தப் புற்றுக்கு யாரோ ஒரு மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தார்கள். பிறகு குங்குமம் வந்தது. பிறகு முட்டையும் பாலும் வந்தன. வெள்ளிக்கிழமை தோறும் கீழே ஊரிலிருந்து பெண்கள் வர ஆரம்பித்தார்கள். நாகம்மா என்று பெயரும் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் புல் அறுக்கும்போது புற்றைச் சுற்றி வட்டமாக விட்டுவிட்டு அறுத்தார்கள். சேற்றில் பெண்கள் வழுக்கிவிடக் கூடாதே என்று சரளைக் கல்லும் கொட்டி வைத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பல வருடமாக மழை சரியில்லை. அணையில் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஏறவே இல்லை. அதனால் புற்றும் ஒன்றும் செய்யவில்லை.

நான் மட்டும் அதன் பக்கத்தில் போகமாட்டேன். அவர்கள் சாமி இருக்கும் இடம், நாம் செருப்புக் காலோடு குறுக்கே நடக்கக் கூடாது என்று ஒரு மரியாதை. மற்ற லஸ்கர்கள் சரிவின் நடுவிலேயே நடந்து புற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். நான் அந்த இடம் வந்ததும் கீழே இறங்கி, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறுவேன். அந்தச் சுற்றுவழிதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அந்த வருடம் ஐப்பசி மழை அடித்துப் பெய்தது. அணை நிரம்பிவிட்டது. ஊரெல்லாம் ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை கரைமேல் பொங்கல் வைக்கப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அதற்கு முந்தின நாள் நான் வழக்கம்போலப் புற்றுக்குக் கீழே இறங்கிச் சுற்றும்போது கால் மெத்தென்று அமுங்கியது. இரண்டு நாளாக நல்ல வெயில். மற்ற இடமெல்லாம் காய்ந்து மொறமொறவென்று கிடந்தது. சரளைக்குக் கீழே இருந்த புல் மட்டும் நாற்றங்கால் மாதிரி பச்சையாக இருந்தது.

என்னோடு வேலை பார்த்த கருப்பையாவைக் கூப்பிட்டேன். நாங்கள் ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"மாப்ள, செத்த இங்க வந்து கால வச்சுப் பாரு."

"மறுபடியுமா? போன வாரம் எலி வளைன்னு சொல்லி என்னையக் குப்புறப் படுக்க வச்ச. உள்ள இருந்து ஓணான் எட்டிப் பாத்துச்சு."

"இது ஈரம்டா."

"நாகம்மாவுக்குக் கொடங்கொடமா ஊத்துறாகள்ல, அதேன்."

"போன வெள்ளிக்கெழம ஊத்துனது வியாழக்கெழம வரைக்கும் காயாமயா இருக்கும்?"

கருப்பையா சிரித்துக்கொண்டேதான் காலை வைத்தான். கால் புதைந்ததும் சிரிப்பு நின்றது. "ஏலே மாப்ள" என்றான்.

எங்கள் உதவிப் பொறியாளர் அப்போது புதிது. ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். மரியாதையாகப் பேசுவார்; பேச்சு மெதுவாக இருக்கும், வேலை மெதுவாக இருக்காது. போன் செய்ததும் வந்து குனிந்து பார்த்தார். என்னைக் கேலி செய்யவில்லை. ஈரம் இருந்த இடத்தைச் சுற்றிக் குச்சி அடிக்கச் சொன்னார். ஒரு லோடு மணலும் ஜல்லியும் அடிவாரத்துக்கு வரவழைத்தார்.

"இப்போதைக்கு ஈரந்தானுங்க பாய். தெளிவா இருந்தாப் பாத்துக்கிட்டே இருக்கலாம். கலங்கினா, அந்த நிமிசமே எனக்குச் சொல்லணுங்க" என்றார்.

மறுநாள் விடிந்ததும் நான் அங்கே நின்றேன். சரளையைக் குச்சியால் விலக்கிப் பார்த்தேன். அடியில் விரல் பருமனுக்கு ஓர் ஊற்று கொப்பளித்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, எறும்புப் புற்றின் வாயில் இருக்குமே, அந்த மாதிரி நைசான மண் வளையம் கட்டியிருந்தது. தண்ணீரை உள்ளங்கையில் பிடித்தேன். செம்மண் கரைத்த நிறம்.

அணையின் வயிற்றிலிருந்து மண் வெளியே வந்துகொண்டிருந்தது.

புற்றுக்குள் கறையான் அரித்த வழிகள் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்று யாருக்கும் தெரியாது. நிரம்பிய தண்ணீர் அதில் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட்டது. மண் போகப் போக வழி பெரிதாகும். வழி பெரிதாகப் பெரிதாக மண் இன்னும் வேகமாகப் போகும். கரை உடைந்தால் முதலில் போவது அடிவாரத்து மின் நிலையமும் அதை ஒட்டிய பூந்தோட்டங்களும். அப்புறம் ஊர்.

பொறியாளருக்குப் போன் செய்தேன். ஊற்று கலங்கிவிட்டது என்றேன். அவர் ஒரே மூச்சில் சொன்னார்: "மணலப் போட ஆரம்பிங்க பாய். வந்துக்கிட்டே இருக்கறனுங்க. சனங்களக் கரையில இருந்து கீழ எறக்கிருங்க."

சனங்கள். திரும்பிப் பார்த்தேன். கொட்டுச் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் தலையில் பால்குடம், ஆண்கள் தோளில் கரும்பு, வெண்கலப் பானை, விறகு. எத்தனையோ வருடம் கழித்து நிரம்பிய அணைக்கு நன்றி சொல்ல வருகிறவர்கள். அவர்களிடம் போய், நீங்கள் கும்பிடுகிற புற்றில்தான் ஆபத்து இருக்கிறது, விலகுங்கள் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லப் போகிறவன் நான். தொப்பி போடாவிட்டாலும் எல்லோருக்கும் பாய்.

கருப்பையாவுக்கு என் முகமே போதுமானதாக இருந்தது. "மாப்ள, நீ பின்னாடி நில்லு. நான் சொல்லுறேன். நம்ம சாமி, நம்ம சனம். ஒன் வாயில இருந்து வந்தா வேற மாதிரி ஆயிரும்" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். என் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் சரி என்று சொல்லச் சொன்னது.

இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஒரு கணம்தான் யோசித்திருப்பேன், ஆனால் அந்தக் கணத்தைத்தான் உங்களுக்குக் கொடுக்க விரும்புகிறேன். கருப்பையா சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். பாய் பார்த்தான் என்று அவன் சொல்லியே ஆக வேண்டும். பாய் பார்த்தான், ஆனால் சொல்லாமல் ஒளிந்துகொண்டான் என்று ஆகிவிடும். அப்புறம் நான் சொல்வது எதையும் அந்த ஊர் நம்பாது. பார்த்தவன்தான் பேச வேண்டும். பயமாக இருந்தால் பயந்துகொண்டே பேசலாம்.

"நான்தான் பாத்தேன் மாப்ள. நானே சொல்லுறேன். நீ பக்கத்துல நில்லு, அது போதும்" என்றேன்.

கூட்டத்துக்கு முன்னால் பஞ்சவர்ணம் வந்தாள். அணைக்குக் கீழே சம்பங்கித் தோட்டம் வைத்திருந்தவள். காலையில் பூவைத் திண்டுக்கல் மார்க்கெட்டில் போட்டுவிட்டு வந்து புற்றைக் கூட்டி, கோலம் போட்டு, விளக்கேற்றுவது அவள்தான். ஐம்பதை நெருங்குகிற வயது. அவள் குரலுக்கு ஊர் அடங்கும். நான் கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு நடுக்கம் வந்துவிடும். அவளை மட்டும் பார்த்துப் பேசினேன்.

"தாயி, பால்கொடத்த அப்பிடியே எறக்கி வச்சுட்டு, கீழ வந்து ஒரு எடத்துல கை வச்சுப் பாக்குறியா?"

"என்ன பாயி, காலங்காத்தால பேயடிச்ச மாதிரி நிக்கிறீக?"

"வந்து பாரு. நான் சொல்லி நீ நம்ப வேணாம்."

கொட்டு நின்றது. அவள் இறங்கி வந்தாள். ஊற்றுக்குள் கையை வைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள்.

"மண்ணு வருது" என்றாள்.

"ஆமா."

"வரப்புல நண்டு வளை விழுந்தா இப்பிடித்தேன் வரும். மொதல்ல வெரல் தண்டி. செத்த நேரத்துல வரப்பே இருக்காது." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது அந்த மாதிரியா பாயி?"

"அதே மாதிரிதான் தாயி. வரப்புக்குப் பதிலா இது."

அவள் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தாள். அடிவாரத்தில் நின்று பார்த்தால் அது எவ்வளவு உயரம் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு திரும்பிக் கீழே தன் தோட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் கரைய விட்டுக் கீழ எறங்குங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மேலே நின்ற ஒருவர் குரல் கொடுத்தார். பொங்கல் ஏற்பாட்டை எல்லாம் பார்த்தவர். "என்னாத்தா, பாயி சொன்னாருன்னு நாகம்மாவ விட்டு எறங்கச் சொல்றியா? ஆத்தா கோவிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

கருப்பையா என் தோளோடு தோள் ஒட்டி நின்றான்.

பஞ்சவர்ணம் கத்தவில்லை. "ஆத்தா குடியிருக்குற வீடே ஒழுகுதுன்னு அந்த மனுசன் வந்து சொல்றாரு. இவுரு கோவத்தப் பத்திப் பேசுறாரு. எறங்குங்கய்யா கீழ! பொங்கப்பான நாளைக்கும் பொங்கும்" என்றாள்.

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் இறுக்கம் உடைந்து கூட்டம் இறங்க ஆரம்பித்தது.

இறங்கிய கூட்டம் சும்மா இருக்குமா? கலங்கல் ஊற்றைப் பார்த்ததும் நாலு பேர் களிமண்ணைத் தேடி ஓடினார்கள். ஊற்றுவாயில் அப்பி அடைத்துவிடலாம் என்று. விவசாயி அப்படித்தான் நினைப்பான். வரப்பில் அதுதான் வேலைக்கு ஆகும். அணையில் அது எமன். இங்கே அடைத்தால் தண்ணீர் உள்ளேயே முட்டிக்கொண்டு வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். நான் ஊற்றுக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"அடைக்காதீக! தண்ணி வரட்டும். மண்ண மட்டும் நிப்பாட்டுவோம். மொதல்ல மணலு, அதுக்கு மேல சின்ன ஜல்லி, அதுக்கு மேல பெரிய ஜல்லி."

இருந்த கூடைகள் கொஞ்சம்தான். அப்போதுதான் அந்தப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். குடத்தில் இருந்த பாலைப் புற்றைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வாய்க்காலில் ஊற்றினார்கள். அந்தக் குடங்களில் மணலை அள்ளி, வரிசையாக நின்று கைமாற்றினார்கள். மஞ்சள் பூசிய குடம், கழுத்தில் பூச்சுற்றிய குடம், உள்ளே ஆற்று மணல். என் பணிக்காலத்தில் எத்தனையோ இயந்திரம் வந்து வேலை பார்த்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசைக்கு ஈடாக ஒன்றையும் சொல்லமாட்டேன். சற்றுமுன் கேள்வி கேட்டவர், கட்டியிருந்த பட்டு வேட்டியோடு ஜல்லி சுமந்தார். "பாயி, இந்த வேட்டிக்கு நீங்கதேன் பொறுப்பு" என்று போகும்போதும் வரும்போதும் சொல்லிக்கொண்டே சுமந்தார்.

பொறியாளர் வந்து சேர்ந்தபோது மணல் முழங்கால் உயரம் வந்திருந்தது. குடங்களைப் பார்த்தார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜல்லி எங்கே விழ வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தார்.

அடுத்த பிரச்சினை தண்ணீர். நீர்மட்டத்தை இறக்காமல் கரையைக் காப்பாற்ற முடியாது. கரையைக் காப்பாற்ற நீரை விட்டால், பல வருடம் காத்திருந்து நிரம்பியது ஆற்றோடு போய்விடும். விவசாயிகள் முகம் மாறியதை நான் பார்த்தேன். மணல் சுமந்த அதே ஆட்கள்தான்.

"எங்க வவுத்துல அடிச்சுராதீக மேடம்" என்றார் பட்டு வேட்டிக்காரர். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

எனக்கோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட வேண்டும் போல் இருந்தது. "மேடம், எல்லா மதகையும் முழுசா தூக்கிருவோம். தண்ணி எறங்கிட்டா நிம்மதி" என்றேன்.

"வேண்டாமுங்க பாய்" என்றார். "சட்டுன்னு எறக்கினா உள்பக்கத்துச் சரிவு ஈரத்தோட அப்படியே சரிஞ்சுருமுங்க. ஒரு ஓட்டைக்கு வைத்தியம் பாக்கப் போய் முதுக ஒடிச்ச மாதிரி ஆயிரும். மெதுவா எறக்கலாம். டர்பைன முழுசா ஓட்டச் சொல்றனுங்க. கால்வாய் மதகத் தெறந்து கீழ இருக்கற கண்மாய் எல்லாத்தையும் ரொப்பிக்கலாம். ஆத்துக்கு விடறத கடைசியாப் பாத்துக்கலாம்."

பயம் எனக்குக் கண்ணைக் கொடுத்தது. அந்த இடத்தில் கையைப் பிடித்து நிறுத்தியது அவருடைய படிப்பு. நமக்கு இரண்டும் வேண்டும்.

மேலதிகாரியிடமிருந்து எழுத்தில் உத்தரவு வர நேரமாகும் என்றார்கள். பொறியாளர் போனில், "சார், நிலைமையச் சொல்லிட்டேனுங்க. எழுத்துல வர்ற வரைக்கும் மண்ணு காத்திருக்காதுங்க. நான் தெறக்கறேன். கேட்டா என் பேரச் சொல்லிருங்க" என்றார். பிறகு விவசாயிகள் பக்கம் திரும்பி, "உங்க தண்ணி உங்க கண்மாயிலதான் நிக்கப் போகுதுங்க. அணையில நிக்கறதுக்குப் பதிலா அங்க நிக்கும். வாய்க்கால்ல எங்கெங்க அடைப்பு இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும். போய்த் தெறந்துவிட முடியுமாங்க?" என்று கேட்டார்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் கால்வாய் மதகின் சக்கரத்தைச் சுற்றினேன். வெயில் சாயும்போது மணல் விரிப்பிலிருந்து கசிந்த தண்ணீரை அள்ளிப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி இருந்தது. கருப்பையா அதை என் முகத்தில் தெளித்தான்.

தண்ணீர் மெல்ல இறங்கி, கண்மாய்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. இனி புற்றைத் தோண்டி எடுத்து, உள்ளே அரித்த வழியைக் கண்டுபிடித்து மூட வேண்டும். இதற்கு உத்தரவு கையில் இருந்தது. ஆனாலும் மண்வெட்டி வைக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. உத்தரவை ஊரில் காட்டி, போலீஸைத் துணைக்கு வைத்துச் செய்துவிடலாம் என்று ஆலோசனை சொன்னவர்கள் உண்டு. பொறியாளர், "அந்தக் குடத்துல மணல் சொமந்தவங்களுக்கு எதுக்குங்க போலீசு?" என்று கேட்டார். நாங்கள் பஞ்சவர்ணத்தின் தோட்டத்துக்குப் போனோம்.

அவள் பூப்பறித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சொல்லி முடிக்கும்வரை பறிப்பதை நிறுத்தவில்லை.

"இதுக்கா இப்பிடித் தயங்கித் தயங்கி வந்தீக? பிடிமண் எடுத்துக்குவோம்" என்றாள். "எங்க சனம் பஞ்சத்துல ஊரு விட்டு ஊரு வந்தப்ப, சாமியக் கட்டித் தூக்கிக்கிட்டா வந்துச்சு? கோயில்ல இருந்து ஒரு பிடி மண்ண முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வந்தாக. அந்த மண்ண எங்க வச்சாகளோ அங்க சாமி. நாகம்மாவும் அப்பிடி வருவா."

"எங்க வைக்கிறது தாயி?"

தோட்டத்தின் மேட்டு மூலையைக் காட்டினாள். நல்ல நிலம். சம்பங்கி நிறையப் பூத்திருந்த இடம். கருப்பையா, "அது ஒனக்குக் காசு வர்ற எடமாச்சே ஆத்தா" என்றான்.

"வராத எடத்தக் குடுத்தா அவ வருவாளாக்கும்" என்றாள்.

பிடிமண் எடுத்த அன்று நாங்கள் எல்லோரும் கரையில் இருந்தோம். முதல் பிடியை என்னை அள்ளித் தரச் சொன்னாள் பஞ்சவர்ணம். நீங்கதானே மொதல்ல பாத்தீக என்று. "அது ஒங்க வீட்டுக் காரியம் தாயி. அதுக்கு ஒங்க கைதான். நான் கரையப் பாத்துக்கிறேன்" என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கொட்டு முழங்க அந்த ஒரு பிடி மண் கரையை விட்டு இறங்கிப் போனது. அது கண்ணுக்கு மறைந்த பிறகுதான் கருப்பையா மண்வெட்டியை எடுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

தோண்டத் தோண்ட எல்லோரும் குனிந்து பார்த்தோம். புற்றுக்குக் கீழே கறையான் ஒரு அறையே கட்டியிருந்தது. அதிலிருந்து கிளை கிளையாக வழிகள். அதில் ஒன்று தண்ணீர்ப் பக்கமாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மூங்கில் கம்பை விட்டால் கம்பு முழுக்கப் போனது. பொறியாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அந்த நேரத்தில் யாராவது பாராட்டினால் நான் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

நல்ல களிமண்ணைப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தோம். கட்டி இல்லாமல் உடைத்து, அளவாக நனைத்து, அடுக்கு அடுக்காகப் போட்டு இடித்தோம். ஒவ்வொரு அடுக்கையும் பொறியாளர் சோதனை செய்துவிட்டு மேலே போகச் சொல்வார். நான் அவர் போனபிறகு குதிகாலால் மிதித்து இன்னொரு தரம் பார்ப்பேன். மேலே புல் பதித்தோம். கரையில் மற்ற இடத்தில் இருக்கும் அதே புல்.

மறு வருடமும் மழை ஏமாற்றவில்லை. அணை நிரம்பியது. பொங்கலைப் பஞ்சவர்ணத்தின் தோட்டத்து மூலையில் வைத்தார்கள். கரையிலிருந்து பார்த்தால் புகை தெரிந்தது. அன்றைக்குச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கரைமேல் நடந்து வந்தவர், "சரி, அந்தப் புத்து எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டார்.

கருப்பையா டக்கென்று கையை நீட்டினான். பொறியாளர், "இல்லீங்களே, இன்னும் கொஞ்சம் வடக்கால" என்று வேறு இடத்தைக் காட்டினார். வரைபடத்தில் குறித்துத்தான் இருக்கிறது. வரைபடம் ஆபீஸில் இருந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். தினமும் அந்தச் சரிவில் நடக்கிறவன், கண்ணை மூடினாலும் அந்த ஈரத்தை உள்ளங்காலில் உணர்கிறவன், நான் சொல்லாமல் யார் சொல்வது?

இறங்கிப் போனேன். குனிந்து பார்த்தேன். முன்னும் பின்னும் நடந்தேன். கையை வைத்து அழுத்திப் பார்த்தேன். எல்லா இடமும் ஒரே புல், ஒரே இறுக்கம், ஒரே உலர்வு. மறுபக்கம் அலை கரையில் மோதும் சத்தம் கேட்டது. அவ்வளவு தண்ணீரும் மறுபக்கத்தில் நின்றது.

"என்ன மாப்ள, நீயுமா தெரியலங்குற?" என்று மேலேயிருந்து கருப்பையா கத்தினான்.

"தெரியலடா" என்றேன். எத்தனையோ வருடப் பணியில் நான் தேடித் தோற்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேலே ஏறி வந்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.